டாஸுக்குப் பெயர்ந்த யூனிக்ஸ் கருவிகள்

நேயர்களுக்கு வணக்கம். உரைக்கோப்புகளில் தேடவும் திருத்தவும் உதவும் கிரெப், செட், ஆக் ஆகிய கருவிகள் 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவானவை. 1981இல் ஐ.பி.எம். பி.சி.யுடன் வெளிவந்த டாஸ் இயங்குதளத்துக்கு இவற்றைப் பெயர்க்க, அதாவது அதில் ஓடும்படி மாற்றியமைக்க, முனைந்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களைப் பற்றி இன்று பேசவிருக்கிறேன். மூலநிரல் சி மொழியில் இருக்கிறது, அதை இயங்கும் நிரலாக மாற்றும் சி கம்பைலர் டாஸுக்கும் கிடைக்கிறது, எனவே மீண்டும் கம்பைல் செய்தால் வேலை முடிந்தது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இக்கருவிகள் யூனிக்ஸிடமிருந்து கேளாமலே பெற்றுவந்த வசதிகள் பல டாஸில் இல்லை என்பது, ஓட்டிப் பார்த்த பிறகே தெரியவரும்.

வரியின் முடிவையே எடுத்துக்கொள்வோம். யூனிக்ஸ் அதை 10 என்ற ஒரே பைட்டால் குறிக்கிறது. டாஸ் 13, 10 என்று இரண்டை இடுகிறது. கோப்பை உள்ளபடியே படித்தால், வரியின் கடைசியில் ஒரு சொல்லைத் தேடும் கிரெப், கண்ணுக்குத் தெரியாத அந்த 13இல் இடறி, எதுவும் இல்லை என்று கைவிரித்துவிடும். சி நூலகத்தின் உரைமுறையில் படித்தால் 13 நீங்கிவிடும். ஆனால் 26 என்ற பைட் வந்ததும் கோப்பு முடிந்ததாகக் கருதி, மிச்சத்தைப் படிக்காமலே நின்றுவிடும். கோப்பின் அளவை 128 பைட் கட்டங்களாக மட்டுமே குறித்துவைத்த, டாஸுக்கு முந்தைய சி.பி./எம். இயங்குதளத்துக்கு அந்த முடிவுக்குறி தேவைப்பட்டது. அளவைத் துல்லியமாக அறிந்த டாஸ் அதை ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டால், பழைய நிரல்களுக்காக என்பதைத் தவிர நல்ல விடை இல்லை.

இதைவிட வேடிக்கையானது கட்டளை வரி. மூன்றாவது புலத்தில், அதாவது வரியின் மூன்றாம் சொல்லாக, நூறுக்கு மேற்பட்ட எண் உள்ள வரிகளை மட்டும் காட்டுமாறு ஆக்கிடம் சொல்ல, டாலர் மூன்று, பெரிது குறி, நூறு என்று எழுதி, இருபுறமும் ஒற்றை மேற்கோள்குறி இடுவது வழக்கம். யூனிக்ஸில் கட்டளைகளைப் படித்து நிரல்களை இயக்கும் ஷெல் அக்குறிகளைக் களைந்து, உள்ளிருப்பதை அப்படியே ஆக்கிடம் ஒப்படைக்கும். டாஸில் அதே வேலையைச் செய்யும் கமாண்ட்.காம் ஒற்றை மேற்கோள்குறியைப் பொருட்படுத்துவதே இல்லை. பெரிது குறியைக் கண்டதும், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, நூறும் கடைசி மேற்கோள்குறியும் சேர்ந்த பெயரில் ஒரு கோப்பைத் தொடங்கிவிடும். ஆக்கைச் சென்றடைவது அறுந்த கட்டளை. திரையில் பிழைச்செய்தி, வட்டில் யாரும் கேட்காத வெற்றுக் கோப்பு. ஆக் நிரலைத் தனிக்கோப்பில் எழுதிவைத்து, அதைப் படிக்கச் சொல்வதே பத்திரமான வழி. நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிக்கும் வேலையையும் கமாண்ட்.காம் செய்யாது என்பதால், ஒவ்வொரு கருவியும் அதைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

நினைவகத்தின் நெருக்கடி பலரும் அறிந்ததே: நிரல்களுக்கு 640 கிலோபைட், அதுவும் 64 கிலோபைட் துண்டுகளாக. 16 பிட் முழு எண் 32,767 வரைதான் செல்லும் என்பதால், பெரிய கோப்புகளில் வரி எண்ணே எதிர்மறையாகிவிடும் ஆபத்தும் இருந்தது. 80386 செயலி வந்த பின்னர், டி.ஜே. டெலோரி 1989இல் தொடங்கிய டி.ஜே.ஜி.பி.பி. என்ற கம்பைலர்த் தொகுப்பு, டாஸ் நிரல்களை 32 பிட் முறையில் ஓடவைத்து இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்தது. நட்சத்திரக் குறியை விரிக்கும் பொறுப்பையும் அதன் தொடக்க நிரலே ஏற்றுக்கொண்டது.

பின்னர் யூனிக்ஸ் உலகின் பாஷ் என்ற ஷெல்லே டாஸுக்குப் பெயர்க்கப்பட்டது. அதன் வரவால் மேற்கோள்குறிகள் மதிக்கப்பட்டன. ஆனால் ஒரு கருவியின் வெளியீட்டை அடுத்த கருவிக்குச் செலுத்தும் குழாய் மட்டும் பழையபடியே இருந்தது. யூனிக்ஸில் இரு கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்க, தரவு இடைநில்லாமல் பாய்கிறது. ஒரு வேளையில் ஒரு நிரலை மட்டுமே ஓட்டும் டாஸில், முதற்கருவி முழுவதையும் வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி முடித்த பிறகே அடுத்தது தொடங்கும். முதல் பத்து வரிகள் போதும் என்றாலும், முழுக் கோப்பும் அலசப்படும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். பாஷும் டாஸின் மீது இதே தற்காலிகக் கோப்பு வழியைத்தான் கையாண்டது.