யானை நடப்பது தெரியும், நாம் நடப்பது?

(காட்சி: ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை, பேரண்டபள்ளி அருகே, மாலை நேரம்)

ராகி அறுவடை நெருங்கும்போது தளி, ஜவளகிரி காடுகளிலிருந்து யானைகள் சானமாவு பக்கம் வரும். வழியில் இந்தச் சாலையையும் கடக்கும். கூட்டம் எங்கே நிற்கிறது என்று வனத்துறை கண்காணிக்கிறது, ஊருக்கும் சொல்கிறது. சரி, அதே நேரத்தில் மனிதர்கள் எங்கே போகிறார்கள்? ஷிப்ட் வேன்கள் எப்போது அதிகம்?

2020 ஊரடங்கின்போது 43 வகைப் பாலூட்டிகளில் சுமார் 2,300 விலங்குகள் எப்படி நடமாடின என்று அவற்றின் ஜிபிஎஸ் பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். மனிதத் தாக்கம் அதிகமுள்ள பகுதிகளில் அவை சராசரியாக, சாலைக்கு முன்பைவிட 36 சதவீதம் நெருங்கி வந்திருந்தன. சாலை அதே சாலைதான். ஆள் நடமாட்டம் மட்டும்தான் குறைந்தது.

(காட்சி: வரைபடத்தில் செல்போன் டவர்கள்)

நம் செல்போன் எந்த டவரில் இணைகிறது என்பது நிறுவனத்திடம் பதிவாகும். பெயர், எண் எல்லாம் நீக்கி, இந்த டவரிலிருந்து அந்த டவருக்கு இந்த நேரத்தில் இத்தனை பேர் என்று கூட்டினால் ஊரின் போக்குவரத்து தெரிந்துவிடும். யானை கடக்கும் இடத்தில் எந்த மணிக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்வது, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் எத்தனை பேருந்து விடுவது, குப்பையை எப்போது அள்ளுவது என்றெல்லாம் முடிவெடுக்கலாம்.

ஆனால் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. 15 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2013இல் வந்த ஆய்வில், நேரத்தோடு நான்கே இடங்கள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிட முடிந்தது. அதனால் மொத்த எண்ணிக்கையைத்தான் தர வேண்டும். நாலைந்து பேர் மட்டும் போன வழி என்றால் அதையும் விட்டுவிட வேண்டும்.

(காட்சி: அஞ்செட்டி மலைப்பாதை)

எனக்குப் பெரிய கவலை இங்கேதான். சிக்னல் எட்டாத மலையில் மாடு மேய்க்கப் போகிறவர், விறகுக்குப் போகும் பெண்கள், இரவில் பரண் மேல் ராகிக்குக் காவல் இருப்பவர் யாரும் இந்த டவர் வரைபடத்தில் வரமாட்டார்கள். யானைக்கு எதிரே வருவது பெரும்பாலும் இவர்கள்தான். வரைபடத்தில் வெறுமையாகத் தெரிவதைப் பார்த்து அங்கே ஆளே இல்லை என்று எழுதிவிட்டால், அவர்கள் நடக்கும் பாதையையே மறித்துத் திட்டம் போட்டுவிடுவோம்.

அவர்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும். ஊர் மந்தையில் பெரிய தாளை விரித்து, எந்த ஓடையோரம், எத்தனை மணிக்கு என்று அவர்களையே குறிக்கச் சொல்லலாம். பெண்களிடம் தனியாகக் கேட்டால் இன்னும் நிறைய வழிகள் வரும். அப்புறம், விதைப்புக் காலத்து வழி அறுவடையில் இருக்காது. இரண்டு பருவத்திலும் போய்க் கேளுங்கள்.