உங்கள் பின்னணி என்ன? – நேயர் ஒருவரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. எழுதியவர் ஒரு திருநங்கை. "பதினைந்து வயதில் வீட்டில் பட்ட அடிகள் இன்றும் கனவில் வந்து எழுப்புகின்றன. நீங்கள் மனவடுவுக்குச் சிகிச்சை தருபவர் என்கிறீர்கள். உங்கள் பின்னணி என்ன? என்னைப் போன்ற ஒருவரை உங்களால் புரிந்துகொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கு நன்றி. பல் பிடுங்கப் போவதற்குக்கூட நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போகிற நாம், உள்ளத்தைத் திறந்து காட்டப்போகும் ஒருவரிடம் "நீங்கள் யார்?" என்று கேட்கத் தயங்குகிறோம்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் முதுகலை, பிறகு மருத்துவமனையிலேயே இருந்து படித்த இரண்டாண்டு எம்.ஃபில்., இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு. எந்த மருத்துவ உளவியலாளரிடம் சென்றாலும் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பின்னணி என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாகப்பட்டினத்தில் ஒரு தார் அட்டைக் கொட்டகைதான். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தாழ்ப்பாள் கதை மனப்பாடமாகியிருக்கும். இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, மாணவத் தொண்டராக அங்கே சென்றிருந்தேன். உள்நாட்டில், ஆசிரியர் வீட்டில் வளர்ந்த எனக்குக் கடற்கரை வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வினாத்தாளைப் பிடித்துக்கொண்டு மீனவப் பெண் ஒருவரிடம், "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அலையின் நினைவுதான் காரணம் என்று நானே தீர்மானித்துக் கட்டத்தில் குறியிட்டேன். அவர் தாளை எட்டிப் பார்த்து, "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. உள்ள வயசுப் பொண்ணு இருக்கு. எப்படித் தூங்குறது?" என்றார். மனவடுவிலிருந்து மீள்வதற்கு முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கமும், அதன்பின் மற்றவர்களோடு மீண்டும் இணைதல் என்று உளநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்த மூன்று படிகளைத் தேர்வுக்காக ஒப்பித்திருந்தேன். கண்ணெதிரே தாழ்ப்பாள் இல்லாத கதவு மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்களிடமும் நான் முதலில் கேட்கப்போவது தாழ்ப்பாளைப் பற்றித்தான். அடித்தவர் இன்றும் அதே வீட்டில் இருக்கிறாரா, வாடகைக்கு வீடு கிடைக்கிறதா, இரவில் பேருந்து நிலையத்தில் நிற்க முடிகிறதா என்பவையெல்லாம் சிகிச்சைக்கு வெளியே உள்ள விஷயங்கள் என்று நினைக்கும் ஒருவர், ஆபத்து தொடரும்போதே பழைய காயத்தைக் கிளறிவிடக்கூடும். எது காயம் என்பதிலும் தெளிவு வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, திருநர் என்ற அடையாளத்தை மனநோய்களின் பட்டியலில் வைக்கவில்லை. நீங்கள் திருநங்கை என்பதில் குணப்படுத்த ஒன்றுமில்லை. அந்த அடிகள் விட்டுச்சென்றதற்குத்தான் சிகிச்சை.

முறையிலும் ஒரே வழி என்று பிடிவாதம் கூடாது. போரும் ஆழிப்பேரலையும் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில் 31 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவினர் தம் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி, நடந்ததை விவரிக்கும் சிகிச்சையைப் பெற்றனர்; மற்றவர்களுக்குத் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. இரண்டுமே ஆறு அமர்வுகள்தான். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும், "முழுவதையும் சொன்னால்தான் குணமாகும்" என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நீங்கள் வேறொரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசை: "என்னைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கும் வேலையும் என் தலையிலேயே விழுமா?" விழக்கூடாது. மதுரையைச் சேர்ந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் ஜூன் 7-ஆம் நாள் பிறப்பித்த உத்தரவில், பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். ஒரு நீதிபதியே தம் அறியாமையைத் தாமே முயன்று தீர்த்துக்கொண்டார் என்றால், அமர்வுக்குக் கட்டணம் வாங்கும் எங்களுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

இதைச் சொல்லும் என் அறையிலும் பிழை இருந்தது. எங்கள் பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒருவர் தம் பேனாவால் மூன்றாவது கட்டம் ஒன்றை வரைந்து, அதில் குறியிட்டு, எதுவும் பேசாமல் நீட்டினார். மறுநாளே படிவத்தை மாற்றினோம். பாலினம் என்ற இடத்தில் இப்போது கட்டமே இல்லை, வெறும் கோடுதான்.

நீங்கள் எந்த ஊரில் யாரிடம் சென்றாலும், முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போதே, பாடம் எடுக்கும் வேலை என் தலையில் விழுமா என்ற அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நேரில் சென்றதும், எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று வரவேற்பில் இருப்பவர் உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால், உட்கார்ந்து படிவத்தை நிரப்பத் தொடங்கலாம்.