மனம் வராத நாளுக்குத்தான் மாலை

(திருகோணமலையில், மார்கழித் திருவெம்பாவை நாட்களில் கோயில் மண்டபம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மாரே, பெரியவர்களே, முன்னால் நிலத்தில் இருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மணிமாலை உருட்டிச் செய்கிற செபத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டபோது, எதை விடுவது என்றுதான் முதலில் யோசித்தேன். எத்தனை முக உருத்திராட்ச மணிக்கு என்ன பலன், எந்த மாலையை யார் அணியலாம் என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வந்தேன். ஆசையாகச் செபம் தொடங்கிய பலர் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "மனம் ஒருமிக்குதில்லை. வாய் சொல்லுது, மனம் எங்கேயோ திரியுது. அப்படிச் செய்து என்ன பிரயோசனம்?"

சரி, நான் கேட்கிறேன். மனம் தானாக வந்து இறைவன் காலடியில் இருந்துவிட்டால், அன்றைக்கு மாலை எதற்கு? கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தாலே போதுமே. மனம் வராத நாளுக்குத்தான் நம் முன்னோர் மணியைக் கோத்துக் கையில் தந்தார்கள். இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் அம்மம்மாவிடம் கண்டது.

அம்மம்மாவின் மாலை 27 மணி. சிறிய ஐந்துமுக உருத்திராட்சம். காலையும் மாலையும் கைபட்டு முள்ளெல்லாம் தேய்ந்து, புளியங்கொட்டை போல மினுங்கும். நூல் அடிக்கடி அறுந்து போகிறதென்று மீன்பிடிக்கிற தங்கூசியில் கோத்து வைத்திருந்தார். 27ஐ நான்கு முறை உருட்டினால் 108. நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், அந்தக் கணக்கும் அதுதான். மடியில் நான்கு புளியங்கொட்டை வைத்திருப்பார். ஒரு சுற்று முடிந்தால் ஒன்றை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகர்த்துவார். நாலாவது நகர்ந்ததும் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். அவருடைய பூசை அவ்வளவுதான்.

1990இல் யுத்தத்தால் எங்கள் வீட்டை விட்டு ஓடினோம். எனக்கு 11 வயது. எங்கெங்கோ நடந்து, தங்கி, கடைசியில் மன்னார்க் கரையில் ஓர் இரவு வள்ளத்தில் ஏறினோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். வெளிச்சம் போடக்கூடாது, பிள்ளைகள் அழக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வள்ளத்தில் தாங்கக்கூடிய அளவைவிடச் சனம் கூட. நான் அம்மம்மாவின் சேலைத் தலைப்புக்குள் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தலைப்புக்குள்ளே அவருடைய கையும் இருந்தது. கரை தெரியும் வரைக்கும் மணி ஒவ்வொன்றாக உருண்டுகொண்டே இருந்ததை என் கன்னத்தால் உணர்ந்தேன்.

பல வருடம் கழித்து ஒருநாள் கேட்டேன், "அண்டைக்கு வள்ளத்தில என்ன நினைச்சுச் செபிச்சீங்கள் அம்மம்மா?" ஏதோ பெரிய பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னார்: "சாமியை எங்க மோனை நினைச்சன்? வள்ளத்துக்குள்ள தண்ணி வருதோ எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான். கை தன்ர பாட்டில போச்சுது."

இந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குச் செபம் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. மனம் பயத்தில் கிடக்கிறது. அது தண்ணீரைப் பார்க்கிறது. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நாற்பது வருடப் பழக்கத்தில் கை தன் வேலையைச் செய்கிறது. மனம் எப்போது திரும்பினாலும் வந்து பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அங்கே இருக்கிறது. அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதை பிள்ளைகளுக்கும் தெரியும். "கற்றூணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே" என்று அவர் பாடினார். "துணை" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூட வருவதுதான் துணை. நாம் அதைப் பிடித்திருக்கிறோமா என்று அது பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

பிறகு, இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் அகதி முகாம். சம்பந்தப் பெருமான் நம் கோணமலைக்கு நேரில் வந்ததில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே கடலுக்கு இக்கரையில் உள்ள கோணேசரையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்பது பெரியபுராணம். "குரைகட லோதம் நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே" என்று அங்கிருந்து பாடிய வரியை, அதே கடற்கரைப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால் நின்று என் அம்மம்மா பாடினார். கோயில் அக்கரையில், வீடு அக்கரையில், கையில் இருந்தது பெயர் மட்டும். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1950இல் கிணறு வெட்டிய இடத்தில் பழைய விக்கிரகங்கள் கிடைத்தன. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. இடையில் போன முந்நூறு வருடத்துக்கு மேலான காலத்தில் சுவரும் இல்லை, கோபுரமும் இல்லை. சனம் மலை உச்சியில் நின்று கடலைப் பார்த்துக் கும்பிட்டது. இந்தப் பெயரை அவர்கள் விடாமல் சொன்னதால்தான் இன்றைக்கு நாம் மலையேறுகிறோம்.

அப்புறம், எப்படிச் செய்வது? இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாலையை வலக்கை நடுவிரலின் மேல் போட்டுப் பெருவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுங்கள். சுட்டுவிரல் படாமல் விலகி நிற்கட்டும். கை நெஞ்சுக்கு நேரே இருக்கட்டும், ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாஞ்சு, மனதுக்குள் சொல்வது மானதம். மானதம்தான் உயர்ந்தது என்று நூல்கள் சொல்லும். ஆனால் தொடங்குகிறவர்கள் நேரே அதில் குதிக்க வேண்டாம். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தூக்கம் வருகிற நாளிலும் வாய்விட்டே சொல்லுங்கள். தீட்சை பெற்றவர்கள் குரு தந்த மந்திரத்தைச் சொல்வார்கள். பெறாதவர்கள் "சிவசிவ" என்று சொல்லலாம், "முருகா" என்று சொல்லலாம். ஒன்றைப் பிடியுங்கள். வாரத்துக்கு ஒன்று மாற்றாதீர்கள்.

நாயகமணி பற்றி ஒரு வார்த்தை. மாலையின் இரண்டு நுனியும் சேருகிற இடத்தில் தனியாகத் தூக்கி நிற்கும் மணி அது. அதைத் தாண்டக்கூடாது. வந்த வழியே மாலையைத் திருப்ப வேண்டும். ஏன் தாண்டக்கூடாது என்பதற்குப் பெரியவர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது என் விரல் சொன்னது. வீட்டுக் கடன், பிள்ளையின் பரீட்சை என்று மனம் எங்கேயோ போயிருக்கும்போது விரல் நாயகமணியில் முட்டும். மாலையைத் திருப்பக் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தோடு மனமும் வீட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 108ஐ விட 27 மணி மாலையே நல்லது என்று நான் சொல்வேன். இரண்டு நிமிடத்துக்கொரு தடவை முட்டும். நிதானமாகச் சொன்னாலும் நான்கு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம். அந்த நேரம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். முப்பது வயதில் ஐந்தெழுத்தை ஐந்து லட்சம் முறை செபிப்பதென்று சங்கற்பம் செய்தேன். எழுத்துக்கு ஒரு லட்சம் என்பது பழைய கணக்கு. ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். ஒவ்வொரு நாளும் எத்தனை மாலை என்று எழுதினேன். மூன்றாவது மாதம் என் நாக்கு ஓடத் தொடங்கியது. "நமசிவாய" என்பதில் இடையெழுத்துக்கள் கரைந்து போயின. 108 உருட்டினால் 100 என்றுதான் கணக்கு வைக்க வேண்டும், மீதி எட்டும் பிழைக்கு என்பார்கள். நான் அந்த எட்டையும் சேர்த்து எழுதினேன். ஒருநாள் விடிய, ஐந்து வயது மகள் வந்து தண்ணீர் கேட்டாள். கணக்குத் தவறப் போகிறதே என்ற ஆத்திரத்தில் மாலை பிடித்த கையாலேயே அவளைத் தள்ளிவிட்டேன். பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய்க் கதவோடு நின்றாள்.

அன்றைக்கே கொப்பியை மூடினேன். அந்தச் சங்கற்பம் முடியவில்லை, இன்னும் முடிக்கவில்லை. நாளுக்கு நான்கு புளியங்கொட்டைக்குத் திரும்பினேன். பிள்ளை கூப்பிட்டால் மணியை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு எழும்பிப் போவேன். வந்து அதே மணியிலிருந்து தொடர்வேன்.

மனம் இல்லாமல் சொன்னாலும் பலன் உண்டா என்று படித்த பிள்ளைகள் கேட்பீர்கள். 2001இல் இத்தாலியில் மருத்துவ ஆய்வாளர்கள் 23 பேரை வைத்துப் பார்த்தார்கள். கத்தோலிக்கச் செபமாலைச் செபத்தை இலத்தீனிலும், "ஓம் மணி பத்மே" என்று தொடங்கும் மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று இறங்கியது, இதயத் துடிப்பின் தாளமும் அதோடு சேர்ந்தது. சொல்லின் நீளம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. உடம்பு முதலில் அமர்கிறது, மனம் பிறகு வருகிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் பிரஷர் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். செபம் மருந்துக்குப் பதில் அல்ல.

என் மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்த இரவு ஆசுப்பத்திரி வாங்கில் இருந்தேன். மனம் கதவிலேயே நின்றது. பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், அவருடைய மகன் உள்ளே. அவர் கையில் தஸ்பீஹ், அவர்களுடைய செபமாலை. 33, 33, 34 என்று அவர்களுக்கொரு கணக்கு. என் கையில் 27. விடியும் வரை நாங்கள் இருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. நான் நிறுத்தினபோதெல்லாம் அவருடைய மணிச்சத்தம் கேட்டது, திரும்பத் தொடங்கினேன். அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம், போகும்போது சொன்னார், "தம்பி, நீங்க உருட்டுறதைப் பார்த்துத்தான் நானும் நித்திரை கொள்ளாம இருந்தன்."

போனில் எண்ணிக்கொள்ளலாமா என்று முன்வரிசைப் பிள்ளை ஒருவர் தொடங்கும் முன்பே கேட்டார். எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் போன் போதும். ஆனால் இருட்டில், பயத்தில், கண் திறக்க ஏலாத காய்ச்சலில் பிடிப்பதற்கு ஏதாவது விரலில் தட்டுப்பட வேண்டும், தம்பி.

அம்மம்மாவின் மாலையை இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். நான் செபிக்கிற மாலையை மற்றவர் கையில் கொடுப்பதில்லை, இது வேறு. எண்ணிப் பார்த்தால் உருத்திராட்சம் 26தான் இருக்கும். ஒன்று மண்டபம் முகாமில் தொலைந்தது. மணி வாங்கக் காசில்லை. என் பள்ளிக்கூடச் சட்டையில் இருந்து ஒரு வெள்ளைத் தெறியைப் பிடுங்கி அந்த இடத்தில் கோத்தார். தெறி என்றால் அங்குள்ள சனத்துக்கு விளங்காது, பட்டன் என்று சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நல்ல மணி வாங்கிக் கொடுத்தேன், மாற்ற விடவில்லை. கடைசி வரை அந்தத் தெறியிலும் ஒரு "சிவசிவ" சொல்லித்தான் அடுத்த மணிக்குப் போனார். பிள்ளைகள் வரிசையாக வாருங்கள், தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினால் அது எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும்.