ஒரு துண்டும் ஒரு மில் ஊரும்

வணக்கம். நான் முப்பது வருஷம் மில்லில் தறி ஃபிட்டராக இருந்தவன். அமெரிக்காவில் தொழிற்சாலைகள் மூடியதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரையும் இரும்பையும் பற்றிப் பேச ஆள் இருக்கிறார்கள். நான் துண்டைப் பற்றிப் பேசுகிறேன். தலை துவட்டுகிறோமே, அந்த டர்க்கி துண்டு.

பக்கத்தில் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நூல் சின்னச் சின்ன வளையமாக நிற்கும். சாதாரணத் துணிக்கு ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் வரிசை, போதும். இதற்கு இரண்டு பாவு. ஒன்று விறைப்பாக ஓடும், மற்றது தளர்வாக ஓடும். குறுக்கே ஓடும் நூலுக்கு ஊடை என்று பெயர். இரண்டு ஊடையைக் கொஞ்சம் தள்ளியே விட்டு, மூன்றாவதோடு சேர்த்து ஒரே அடியாக அடித்தால், தளர்ந்த பாவு துருத்திக்கொண்டு வளையமாகிவிடும். விறைப்பு கொஞ்சம் மாறினாலும் துண்டு மேடும் பள்ளமுமாக வரும். பழகினவருக்குத் தறியின் சத்தத்திலேயே அது தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

என் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு கொடுத்தார். ஓரத்தில் ‘கேனன்’ என்று லேபிள். விருந்தாளி வந்தால் மட்டும் பெட்டியிலிருந்து அது வெளியே வரும். பதினைந்து வருஷம் துவைத்தும் வளையம் உதிரவில்லை. மில்லில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அதன் மூலையைப் பிரித்து இழைகளை எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்குக் கோபம்தான். ஆனால் இதை நெய்த கை யாருடையது என்று நான் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வட கரோலினா மாநிலத்தில் கன்னாப்பொலிஸ் என்று ஒரு ஊர். ஜேம்ஸ் கேனன் என்பவர் 1887-இல் பக்கத்து ஊரான கான்கார்டில் மில் தொடங்கினார். 1906-இல் விவசாய நிலம் வாங்கி இந்த ஊரையே கட்டினார். வீடு மில்லுடையது, வாடகை மில்லுக்கு. 1984 வரை அந்த ஊருக்கு நகராட்சிகூடக் கிடையாது. தாத்தா, அப்பா, மகள் என்று அதே மில்லில் வேலை. வேலை நிச்சயம் என்பதால் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுத் தறிக்கு வந்தவர்கள் ஏராளம்.

அப்புறம் மில் கை மாறியது. ஓய்வூதிய நிதியை எடுத்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வைத்தார்கள். 1991-இல் அது முழுகிப் போக, வயதானவர்களின் பென்ஷன் குறைந்தது. 1997-இல் பில்லோடெக்ஸ் என்ற கம்பெனி பெரும் கடனில் மில்லை வாங்கியது. கடைகளில் வெளிநாட்டுத் துண்டு மலிவாக வந்து இறங்கியது. 2001-இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. கடனும் மலிவுப் போட்டியும் சேர்ந்து நெரித்தன. 2003 ஜூலை 30 அன்று மில் மூடப்பட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 4,800 பேருக்கு வேலை போனது.

நாடு முழுக்கப் பாருங்கள். 1979-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் இருந்தார்கள். 2000-இல் 1 கோடியே 73 லட்சம். 2010-இல் 1 கோடியே 15 லட்சம். முதல் இருபது வருஷத்தில் மெதுவாக இறங்கியது, அடுத்த பத்து வருஷத்தில் சரிந்து விழுந்தது. எல்லாம் வெளிநாட்டுக்குப் போகவில்லை. இயந்திரமும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

துண்டு மலிவானதால் அந்த நாட்டில் எல்லோருக்கும் லாபம் என்பார்கள். உண்மைதான், ஆளுக்கு ஒரு டாலரோ இரண்டு டாலரோ. ஆனால் நஷ்டம் அப்படிப் பங்கு பிரிந்து போகவில்லை. மொத்தமாக ஒரே ஊரின் தலையில் விழுந்தது. திரும்பவும் சொல்கிறேன்: லாபம் ஊரெல்லாம் சில்லறையாகச் சிதறியது, நஷ்டம் ஒரே தெருவில் மூட்டையாக இறங்கியது. கணக்குப் போட்டவர்கள் இரண்டையும் கூட்டிக் கழித்து ‘நாட்டுக்கு நல்லது’ என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

சரி, வேறு வேலை கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். அரசு பணம் கொடுத்தது, உள்ளூர் சமுதாயக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. ஐம்பது வயதில் முதலில் பள்ளிப் பாடத்தை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தொழில். சத்தத்தை வைத்தே பாவின் விறைப்பைச் சொன்ன காதுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அந்த அறிவை எந்த அலுவலகத்தில் காட்டி வேலை கேட்பது?

நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கரூரில் ஏற்றுமதிக்கு நெய்கிறவர்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மில்லை இடித்த இடத்தில் ஆராய்ச்சி வளாகம் எழுந்தது. அங்கே பட்டப்படிப்பு கேட்கும் வேலைகள். கேனன் என்ற பெயரைத் தனியாக விற்றார்கள். ஆகவே மில் போன பிறகும் அதே லேபிளோடு துண்டுகள் கடைக்கு வந்தன, வேறு நாட்டுத் தறிகளில் நெய்தவை. வணக்கம்.