கிம்பர்லித் தாய்மாரிடம் மனநிலையைக் கேட்பது எப்படி

செவிலியர்களே, பேறுகாலப் பணியில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உலகின் பல நாடுகளில் கையாளப்படுவது எடின்பரோ அளவுகோல். 1987இல் வெளியானது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. ஆஸ்திரேலியாவில் 13ஐ எட்டினால் அடுத்தகட்ட மதிப்பீடு.

இந்தத் தாளை மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கிம்பர்லிக்கு எடுத்துப்போய், ஒரு பூர்வகுடித் தாயின் கையில் கொடுத்து, "நிரப்பித் தாருங்கள்" என்றால் என்ன நடக்கும்? எல்லாமே நலம் என்று குறித்துத் திருப்பித் தந்துவிடக்கூடும். மதிப்பெண் 2 என்று வரும். கோப்பில் "பிரச்சினை இல்லை" என்று ஏறிவிடும். அந்த 2க்குப் பின்னால் பெரும் அச்சம் இருக்கலாம். அங்கே 1905ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, 16 வயதுக்குட்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளுக்கு ஓர் அரசு அதிகாரியைக் காப்பாளர் ஆக்கியது. பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். பாட்டிக்கு நடந்தது பேத்திக்குத் தெரியும். "மனசு சரியில்லை" என்று எழுதினால் குழந்தையைத் தூக்கிப் போய்விடுவார்களோ என்று அவள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் அப்பகுதிப் பெண்களும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து கிம்பர்லி மம்ஸ் மூட் ஸ்கேல், அதாவது கிம்பர்லித் தாய்மாரின் மனநிலை அளவுகோலை, உருவாக்கினார்கள். அதில் இரண்டு பகுதிகள். முதலாவது, அதே 10 கேள்விகள். ஆனால் அந்த ஊர்ப் பேச்சில், பதில்களைப் படங்களின் துணையோடு காட்டும்படி. இரண்டாவதுதான் உயிர்நாடி. அவர்கள் 'யார்னிங்' என்று சொல்லும் அவசரமில்லாத உரையாடல் அது: வீட்டில் யார் துணை, சிறுவயது எப்படி இருந்தது, துணைவரோடு உறவு எப்படி, குடி உண்டா, எது கவலை, எது பலம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தே பணியாளர் முடிவுக்கு வர வேண்டும். முதல் பகுதியின் எண்ணை மட்டும் கூட்டிப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், பழைய தாளுக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள்.

செய்முறைக்கு வருகிறேன். முதலில் எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எந்தச் சூழலில் விஷயத்தைப் பிறரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்புறம் சம்மதம் கேளுங்கள். பூர்வகுடிப் பெண் பணியாளர் கூட இருந்தால் நல்லது. ஆனால் அவர் உறவுக்காரராக இருந்து, அதனாலேயே தாய் வாய் திறக்கத் தயங்கலாம். யார் வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். துணைவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது தொடங்காதீர்கள். அவள் மௌனமாக இருந்தால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அந்த மௌனமும் பேச்சின் ஒரு பகுதி.

கேட்கும் நேரமும் முக்கியம். தொலைதூரச் சமூகங்களின் பெண்கள் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஊரையும் மூத்த பிள்ளைகளையும் விட்டு ப்ரூம் போன்ற நகரங்களுக்குப் போய்க் காத்திருக்கிறார்கள். குடும்பத்தில் சாவு விழுந்து துக்கச் சடங்கில் இருக்கலாம். அப்போது வரும் உயர்ந்த எண் நோயா, பிரிவின் வலியா என்பதை உரையாடல்தான் பிரித்துக் காட்டும்.

பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர எந்த விடை வந்தாலும், மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும். அவளைத் தனியே அனுப்பக் கூடாது. முடிந்ததும் என்ன கண்டோம் என்று அவளுக்கே சொல்லி, அடுத்து யாரை எப்போது பார்ப்பது, வர வண்டி உண்டா என்பதைப் பேசித் தீர்த்த பிறகே எழுந்திருங்கள்.