கம்பெனி திவாலானால் பென்ஷன் எந்த வரிசையில் நிற்கும்?

[திரையில்: ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனை, ஹாமில்டன் துறைமுகம்]

கனடாவில் உருக்கு என்றதும் நினைவுக்கு வரும் ஊர் ஹாமில்டன். அங்கே பெரிய முதலாளி ஸ்டெல்கோ என்ற உருக்குக் கம்பெனி. 1910இல் பல கம்பெனிகளை இணைத்து உருவானது. நல்ல காலத்தில் 10,000 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். 2013 முடிவோடு ஹாமில்டன் ஆலையில் இரும்பு உருக்குவதே நிரந்தரமாக நின்றுபோனது.

சங்கம் இல்லாததால் இப்படி ஆனது என்று நினைத்துவிடாதீர்கள். ஐக்கிய உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் 1005ஆம் கிளை சாதாரணப்பட்டதல்ல. 1946இல் 81 நாள் வேலைநிறுத்தம். வெளியே மறியல். நிறுவனமோ வேலைநிறுத்தத்தில் சேராதவர்களை ஆலைக்குள்ளேயே தங்கவைத்து உற்பத்தியைத் தொடர்ந்தது. அவர்களுக்குச் சாமான்கள் விமானத்தில்கூட வந்தன! கடைசியில் சங்கத்துக்கு அங்கீகாரமும், வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் கிடைத்தன. பென்ஷன் அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தங்களில் வந்தது.

சரி, பென்ஷன் என்பது என்ன? முதலாளி மனமிரங்கித் தருவதா? இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில், "இதில் ஒரு பங்கு இப்போது வேண்டாம், ஓய்வு பெற்றபின் மாதாமாதம் கொடுங்கள்" என்று தொழிலாளி விட்டுவைத்த கூலி அது. யோசித்துப் பாருங்கள், அவர் தன் கம்பெனிக்கே கடன் கொடுத்திருக்கிறார். வங்கியைப் போல எதையும் அடமானம் வாங்காமல்.

இதற்கென நிறுவனம் தனியாக ஒரு நிதியில் பணம் போட்டுவர வேண்டும். நிதியில் ஏற்கெனவே போட்ட பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. போட வேண்டியதைப் போடாமல் விட்ட பற்றாக்குறைதான் சிக்கல். ஆலை சுருங்கச் சுருங்க அது பெருகும்.

[திரையில்: 900 | 9,000]

2010இல் ஹாமில்டன் ஆலையில் வேலை செய்தவர்கள் சுமார் 900 பேர். பென்ஷன் வாங்கியவர்கள் சுமார் 9,000 பேர்.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 2007இல், அமெரிக்காவின் யுஎஸ் ஸ்டீல் இந்த ஆலையை வாங்கியிருந்தது. உற்பத்தியும் வேலைகளும் இவ்வளவு இருக்கும் என்று கனடா அரசிடம் வாக்குறுதி கொடுத்துத்தான் வாங்கியது. 2009இல், வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை என்று அரசே வழக்குப் போட்டது. 2011இல் சமரசமாக முடித்துக்கொண்டது. இதற்கிடையே, 2010 நவம்பரில், நிறுவனம் கதவடைப்புச் செய்து தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. விலைவாசிக்கு ஏற்ப பென்ஷன் கூடுவதை நிறுத்த வேண்டும், புதிதாகச் சேர்பவர்களுக்கு, மாதம் இவ்வளவு என்று உறுதி தரும் நிச்சயமான பென்ஷன் கிடையாது என்பவைதான் நிறுவனத்தின் முக்கிய நிபந்தனைகள். ஓய்வு பெற்றவர்களுக்காகவும் சேர்த்து வேலையில் இருந்தவர்கள் 11 மாதம் வாசலில் நின்றார்கள். முடிவில் பெரும்பாலும் நிறுவனம் கேட்டதே நடந்தது.

2014 செப்டம்பரில் யுஎஸ் ஸ்டீலின் கனடா கம்பெனி, கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இதற்கென்று 1933இலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. கடன்களை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு ஆலையைத் தொடர்ந்து ஓட்ட அது வழிவிடும். அந்த நேரத்தில் யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்பதைச் சங்க ஒப்பந்தம் தீர்மானிக்காது, சட்டம் தீர்மானிக்கும். அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர் முன்னால். பென்ஷன் பற்றாக்குறை பெரும்பாலும் பின்வரிசையில்.

இன்னொரு கூத்தும் நடந்தது. முன்வரிசைக்கு வந்து நின்றவர்களில் தாய் நிறுவனமான யுஎஸ் ஸ்டீலும் ஒன்று. தன் சொந்தக் கம்பெனிக்குக் கொடுத்த பணத்தைக் கடன் என்று சொல்லி, சுமார் 220 கோடி டாலர் கேட்டது. அது முதலீடு, அதைக் கடன் என்று ஏற்கக் கூடாது என்று சங்கம் வாதாடியது. 2016இல் நீதிமன்றம் பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2015 அக்டோபரில், ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் சலுகைகளை நிறுத்திவைக்க அதே நீதிமன்றம் அனுமதித்திருந்தது. மாத்திரைச் செலவு பென்ஷன்காரர் தலையில் விழுந்தது.

2017இல் ஆலை இன்னொரு முதலீட்டாளர் கைக்குப் போய், மறுபடி ஸ்டெல்கோ என்று பெயர் வாங்கியது. 2024இல் கிளீவ்லாந்து கிளிஃப்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி அதை வாங்கியது.

[திரையில்: கனடா நாடாளுமன்றம், ஒட்டாவா]

2017இல் சியர்ஸ் கனடா கடைகள் சரிந்தபோதும் பென்ஷன்காரர்களுக்கு இதே கதிதான். கடைசியில் 2023 ஏப்ரலில் சட்டம் மாறியது. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் மேரிலின் கிளாடு கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. இனி பென்ஷன் பற்றாக்குறை அடமானக் கடனுக்கும் முன்னால் வரும். "அப்படியானால் நிச்சயமான பென்ஷன் தரும் கம்பெனிகளுக்குக் கடன் கிடைப்பது கஷ்டமாகும்" என்பது கடன் கொடுப்பவர்கள் தரப்பின் வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த வகைப் பென்ஷனைக் கம்பெனிகள் இந்தச் சட்டத்துக்கு வெகு காலம் முன்பே கைவிடத் தொடங்கிவிட்டன.

மருத்துவச் சலுகைகள் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே இருந்த பென்ஷன் திட்டங்களுக்கு நான்கு வருட அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையே 2025 ஜூனில் அமெரிக்கா உருக்கு மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியது. அந்த டிசம்பரில் கனடாவின் சூ சென்ட் மரி ஊரின் அல்கோமா ஆலை சுமார் 1,000 பேருக்கு வேலைநீக்க அறிவிப்புக் கொடுத்தது. பழைய திட்டங்களுக்குப் புதிய வரிசை 2027 ஏப்ரல் 27 முதல்தான்.