‘ஆகையால்’ என்று சொல்வதற்கு முன்

அவையோருக்கு வணக்கம்.

மணிமேகலையில் 30 காதைகள். துன்பம் எங்கிருந்து வருகிறது, எப்படி அறும் என்பதை பௌத்தத் துறவியான அறவண அடிகள் கடைசிக் காதையில்தான் விரித்துச் சொல்கிறார். அதற்கு முந்தைய 29ஆம் காதையில் அவர் மணிமேகலைக்குக் கற்பிப்பது தருக்கம். வாழ்க்கையைப் பற்றிப் பேசுமுன் ‘ஆகையால்’ என்ற சொல்லை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள் என்கிறார். இந்த வரிசைக்காகவே சாத்தனாரை வணங்கலாம். பலரோ அந்தக் காதையை வறட்டுப் பட்டியல் என்று தள்ளிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம்.

அதில் உள்ள எடுத்துக்காட்டு எளிமையானது. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம். நாம் நிறுவ வேண்டியது. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இம்மூன்றில் வாதம் நிற்பதும் விழுவதும் ஏதுவால்தான். நல்ல ஏதுவுக்கு மூன்று சோதனை உண்டு. ஒன்று, அது பக்கத்தில் உண்மையாகவே இருக்க வேண்டும். இரண்டு, நிறுவ வேண்டிய தன்மையுள்ள வேறு பொருளிலும், அதாவது சபக்கத்திலும், இருக்க வேண்டும். மூன்று, அந்தத் தன்மை இல்லாத பொருளில், விபக்கத்தில், இருக்கவே கூடாது. அடுக்களையில் புகை உண்டு, சரி. நெருப்பே இல்லாத நீர்நிலையில் புகை உண்டா என்று பார்த்தீர்களா? அதுதான் மூன்றாவது கேள்வி.

முதல் சோதனையில் தவறினால் என்ன ஆகும்? தூரத்தில் தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே, புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது. இதற்குச் சித்தாசித்தம் என்று பெயர். கைப்பேசியில் வந்த செய்தி உண்மையா என்று பார்க்காமல் அதன்மேல் கோபப்படுகிறோமே, அதுவும் இதே பிழைதான்.

மூன்றாவது சோதனையில் தவறுவது இன்னும் நுட்பம். ‘சத்தம் அழியக்கூடியது, அறியப்படுதலால்’ என்கிறார் ஒருவர். குடம் அறியப்படுகிறது, அழிகிறது, பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அழியாதது என்று அக்காலத் தருக்கவாதிகள் கொண்ட ஆகாயமும் அறியப்படுகிறதே! சபக்கம், விபக்கம் இரண்டிலும் இருக்கும் ஏது எதையும் நிறுவாது. இது சாதாரணம் என்னும் ஏதுப்போலி. ‘பண்ணப்படுதலால்’ என்றால் நிற்கும். குடம் பண்ணப்படுவது, ஆகாயம் பண்ணப்படாதது.

மனித இயல்பு சறுக்கும் இடம் இதுதான். இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ‘2, 4, 6 என் விதிக்குப் பொருந்தும். மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், பொருந்துமா என்று சொல்கிறேன். உறுதியானதும் விதியைச் சொல்லுங்கள்.’ பலர் 8, 10, 12 போன்றவற்றையே கேட்டார்கள். ‘பொருந்தும்’ என்ற பதில் வரவர நம்பிக்கை ஏறியது. விதியோ ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் என்பதே. 1, 2, 7 என்று ஒருமுறை கேட்டிருந்தால் ‘இரண்டிரண்டாகக் கூடும்’ என்ற ஊகம் உடைந்திருக்கும். 29 பேரில் 6 பேர் முதலில் சொன்ன விதிதான் சரியாக இருந்தது. இவர்கள் கல்லூரி மாணவர்கள்; அறிவில் குறைந்தவர்கள் அல்லர். சபக்கத்தைச் சேர்ப்பது மனத்துக்கு இனிக்கிறது, விபக்கத்தைத் தேடுவது உறுத்துகிறது. அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ‘இந்தக் கஷாயம் சளியைப் போக்கும்’ என்று தோன்றினால் தாளில் நான்கு கட்டம் போடுங்கள். குடித்தார், பத்து நாளில் குணமானார்; குடித்தார், ஆகவில்லை; குடிக்கவில்லை, ஆனார்; குடிக்கவில்லை, ஆகவில்லை. முதல் கட்டம் தானாக நிரம்பும், நினைவில் நிற்பதே அதுதான். மூன்றாவதை நிரப்பத்தான் நாலு பேரிடம் போய் விசாரிக்க வேண்டும். சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே தணிவது. ஆகவே அந்தக் கட்டம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கும். முதல் இரண்டு கட்டத்தில் எத்தனை பங்கு குணமானது, கடைசி இரண்டில் எத்தனை பங்கு என்று ஒப்பிட்ட பிறகே கஷாயத்தைப் பற்றிப் பேசலாம். மருமகள் வந்த நேரம், மகன் பிறந்த நட்சத்திரம் என்று குடும்பத்தில் ஒருவர் தலையில் பழி போடுமுன்னும் இதே நான்கு கட்டத்தைப் போட்டுப் பாருங்கள்.